தனுமாதக் குளிரும் மலைவழி வந்த மருந்தும்: வித்துராவின் உடல்பேணல் மரபு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள வித்துராவில் குளிர்காலம் மழையின் முடிவில்தான் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழையையும், அங்குத் துலாவருஷம் என்று வழங்கும் வடகிழக்குப் பருவமழையையும் பெறும் இம்மலைச்சரிவில் விருச்சிக மாதம், அதாவது தமிழரின் கார்த்திகை, பாதி கழியும் வரை ஈரம் அடங்குவதில்லை. தனுவும் மகரமும் (மார்கழியும் தையும்) வந்த பின்னரே வானம் தெளிந்து, இரவில் நிலம் விரைந்து சூடிழந்து, விடியலில் பள்ளங்களில் மூடுபனி தங்குகிறது. பகலில் காற்று உலர்ந்து வீசுவதால் தோலின் மேலடுக்கிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ள, உதடு வெடிக்கிறது; முழங்காலும் கணுக்காலும் சாம்பல் பூக்கின்றன; தலையில் பொடுகு உதிர்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையும் இயல்புடையதாகையால், அதிகாலையில் புட்டிக்குள் எண்ணெய் வெண்கட்டியாகி நிற்பதே வீட்டுப் பெண்களுக்குப் பருவம் மாறியதைக் காட்டும் அளவுகருவியாக இருந்துவந்திருக்கிறது.

இக்குளிரிலிருந்து தோலையும் முடியையும் உடல்நலத்தையும் காத்துக்கொள்ள இம்மண்ணில் உருவான முறைகளை வைத்திய நூல்களை மட்டும் கொண்டு விளங்கிக்கொள்ள முயல்வது பாதி வரலாற்றையே தரும். எண்ணெயில் இடப்பட்ட இலையும் வேரும், அழுக்குத் தேய்த்த பட்டையும், நோன்பிருந்தோர் உண்ட கிழங்கு மாவும் மலைக்காட்டிலிருந்தும் வரப்போரத்திலிருந்தும் வந்தவை; அவற்றை அடையாளம் கண்டு, பருவமறிந்து பறித்து, சுமந்து இறக்கியவர்களில் பெரும்பங்கினர் அகத்தியமலைத் தொடரின் பழங்குடிகளான காணிக்காரர். எழுதப்பட்ட வரலாற்றில் அவர்களின் மருந்தறிவுக்கு இடம் கிடைப்பதற்கு 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது.

தமிழிலக்கியத்தில் குளிர்காலத்து உடல்பேணலுக்குக் கிடைக்கும் மிகச் செறிவான சான்று பத்துப்பாட்டில் ஒன்றான, நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை. வாடைக்காற்று வீசும் கூதிர்ப் பருவத்து நகரமொன்றை விரித்துரைக்கும் அப்பாட்டில், வடநாட்டவர் கொணர்ந்த வட்டக்கல் தென்னாட்டுச் சந்தனத்தை அரைக்கும் வேலையின்றிக் கிடக்கிறது. மகளிர் கூந்தலில் குளிர்ந்த மாலைகளைச் சூடுவதைக் குறைத்துக்கொண்டு, தகரம் என்னும் மணமரத்தின் விறகில் நெருப்பமைத்து, அகிலும் வெள்ளிய அயிரும் இட்டுப் புகையூட்டுகின்றனர். குறுகிய வாயையுடைய குவளைகளின் தண்ணீரை யாரும் விரும்பாமல், தடவு எனப்படும் கணப்புச்சட்டியின் வெம்மையை நாடுகின்றனர். கோடையில் தோலுக்கு இதமாகும் சந்தனம் குளிரில் ஒதுக்கப்படுவதும், ஈரக் கூந்தலை உலர்த்திக் காக்கும் புகை முன்வருவதும் வெறும் அலங்காரச் செய்திகளாகா. பருவத்துக்கேற்பப் பூசுபொருளை மாற்றும் ஒழுங்கு இங்கே நிலைபெற்றிருந்ததை அவை காட்டுகின்றன. அந்தத் தென்னாட்டுச் சந்தனத்துக்குப் பேர்பெற்ற பொதியில் மலையே இன்று அகத்தியகூடம் என வழங்கும், 1,868 மீட்டர் உயரமுள்ள கொடுமுடியை உள்ளடக்கிய தொடர் என்பதும், வித்துரா அதன் மேற்குச் சரிவில் அமைந்திருக்கிறது என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. மலையின் கிழக்கே பொருநையாற்றுச் சமவெளியில் வாழ்ந்தோரும் மேற்கே வாமனபுரம், கரமனை ஆறுகளின் தலைப்பகுதியில் வாழ்ந்தோரும் ஒரே காட்டிலிருந்து மணப்பொருளும் மருந்தும் பெற்றவர்கள்.

வைத்திய நூல்களுள் கேரளத்தில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். அட்டவைத்தியர் எனப்பட்ட மருத்துவக் குடும்பங்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து காத்தன. அந்நூலின் சூத்திரத்தானத்தில் மூன்றாம் இயலாக வரும் ருதுசரியை, அதாவது பருவ ஒழுக்கம், முன்பனிக்காலத்தில் உடலின் வெப்பம் வெளியேறாமல் உள்ளே தடுக்கப்படுவதால் பசித்தீ வலுக்கிறது என்று கருதி, அதற்கேற்ற நெய்ப்புள்ள உணவையும் ஊன் சாற்றையும் உளுந்து, கோதுமை, வெல்லம், பால் ஆகியவற்றாலான பண்டங்களையும் விதிக்கிறது. உடலெங்கும் வாதத்தைத் தணிக்கும் எண்ணெய் தேய்த்தல், உச்சியில் எண்ணெய் வைத்தல், தேர்ந்தவரைக் கொண்டு காலால் மிதித்து நீவச் செய்தல், பின்னர் துவர்ப்புப் பொருள்களால் எண்ணெய்ப்பசையைப் போக்கிக் குளித்தல், அகிற்புகை ஏற்றல் என்று அது வரிசைப்படுத்தும் முறை, களரிகளில் இன்றும் வழங்கும் சவிட்டி உழிச்சில் என்னும் மிதித்து நீவும் முறையோடு பெரிதும் ஒத்திருக்கிறது. ஆனால் நூல் முன்பனிக்கு விதித்ததைக் கேரளம் பெரும்பாலும் கர்க்கடக மாதத்துக்கு, அதாவது ஆடி மழைக்கு, மாற்றிக்கொண்டது. வயல்வேலை நின்றுபோகும் மழைமாதத்தில்தான் உழைப்பவருக்கு ஓய்வு கிடைத்தது என்பதை இதற்கு வலுவான காரணமாகக் கொள்ளலாம். முண்டகன் எனப்படும் இரண்டாம் போக நெல் மகரத்தில் அறுவடையாவதால், குளிர்மாதங்களில் நாள்கணக்கில் எண்ணெய்ச் சிகிச்சைக்குப் படுத்திருக்க நிலவுடைமையாளரைத் தவிர மற்றவர்களால் இயலவில்லை.

எனவே சாதாரண வீடுகளில் குளிர்காலப் பேணல் அன்றாடக் குளியலுக்குள்ளேயே அடங்கிற்று. மலையாளத்தில் தேச்சுகுளி என வழங்கும் எண்ணெய்க் குளியலில், உறையாமல் நிற்பதும் சூடு தருவதுமான நல்லெண்ணெய் உடலுக்கும், மூலிகை சேர்த்துக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் தலைக்கும் ஏற்றவையாகக் கருதப்பட்டன. காச்செண்ணெய் எனப்படும் இத்தலையெண்ணெயில் கரிசலாங்கண்ணிச் சாறும் நெல்லிக்காய்ச் சாறும் முதன்மை பெற்றன. கேரள மருந்து முறைகளின் பெருந்தொகுப்பான சகஸ்ரயோகம் கூறும் நீலிபிருங்காதி என்னும் கூட்டெண்ணெயில் இவற்றோடு அவுரியும் முடக்கற்றானும், பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் பாலும் தேங்காய்ப்பாலும் சேர்கின்றன. எண்ணெய்ப்பசையைப் போக்கப் பயற்றுமாவும், தலைக்குச் செம்பருத்தி இலையைப் பிசைந்தெடுத்த வழுவழுப்பான தாளியும், உடலைத் தேய்க்க இஞ்ச எனப்படும் காட்டுக்கொடியின் நார்ப்பட்டையும் பயன்பட்டன. இன்றைய தோலியல் இம்முறையின் தருக்கத்தை ஏற்கிறது: எண்ணெய் தோலின் மேல் மெல்லிய திரையாகப் படிந்து ஈரம் ஆவியாவதைத் தாமதப்படுத்துகிறது, காரச்சவர்க்காரம் தோலின் இயற்கை நெய்ப்பையும் சேர்த்து அகற்ற, பயற்றுமாவு அவ்வளவு கடுமையாக அகற்றுவதில்லை. குளித்து முடித்ததும் ராஸ்னாதிப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து உச்சியில் தேய்ப்பது நீர்க்கோவையையும் தும்மலையும் தடுக்கும் என்ற நம்பிக்கை, எண்ணெய் தேய்க்கும் வழக்கத்தைக் கைவிட்டுவிட்ட வீடுகளிலும் நீடிக்கிறது. மலைக்குக் கிழக்கே சித்த மருத்துவ மரபிலும் தேரையரின் நோயணுகா விதி நான்கு நாளுக்கொரு முறை எண்ணெய் முழுக்கை வலியுறுத்துகிறது. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்தமையால், தமிழ் வைத்தியரும் மலையாள வைத்தியரும் ஒரே மருந்துச் சந்தையையும் ஒரே மலைக்காட்டையும் பகிர்ந்துகொண்டிருந்தனர்.

இந்த அன்றாடப் பேணல் ஆண்டுக்கொரு முறை சடங்கின் உருவம் கொள்ளும் நாள் தனுமாதத் திருவாதிரை. தமிழகத்தில் அதே நாள் சிவன் கோயில் விழாவாகவும் களி படைக்கும் நாளாகவும் விளங்க, கேரளத்தில் அது பெண்களின் நோன்பாக வளர்ந்தது. விடிவதற்கு முன் குளத்தில் இறங்கி, பாடிக்கொண்டே உள்ளங்கையால் நீரைத் தட்டி ஓசையெழுப்பி ஆடும் துடிச்சுகுளி அந்நோன்பின் தொடக்கம். ஆதிரை நாளில் கன்னியர் நீராடிய செய்தி பரிபாடலின் பதினோராம் பாடலில் வைகைக்கரைக் காட்சியாக இடம்பெறுவதாலும், ஆண்டாளின் திருப்பாவை மார்கழி விடியல் நீராட்டை நோன்பின் நடுவில் வைப்பதாலும், துடிச்சுகுளி தென்னிந்தியாவின் மிகப் பழைய குளிர்கால வழக்கொன்றின் மேற்குக்கரை வடிவம் என்று கொள்வதே பொருந்தும். தண்ணீரில் அத்தனை பேர் கூடி உடலை இயக்குவது குருதியோட்டத்தைத் தூண்டிச் சூட்டைத் தருகிறது. கரையேறியதும் உலர் ஆடையும் கண்மையும் வெற்றிலையும், பிற்பகலுக்குப் பின் ஊஞ்சலும் கைகொட்டிக்களியும் என்று அந்த நாள் முழுவதும் உடல் அசைந்துகொண்டே இருக்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது.

நோன்புநாளின் உணவும் குளிருக்கென்றே தேர்ந்தது. அரிசிச் சோற்றைத் தவிர்த்து, கோதுமையோ சாமையோ உண்டு, காச்சில், சேனை, சேம்பு, கூர்க்கை, நேந்திரங்காய், பயறு முதலியவற்றைச் சேர்த்து வேகவைத்த திருவாதிரைப் புழுக்கையும், கிழங்குகளைச் சுட்டு வெல்லமும் தேங்காயும் சேர்த்துச் செய்யும் எட்டங்காடியையும், கூவைப்பொடியைக் காய்ச்சிய பாயசத்தையும் பெண்கள் உண்டனர். மஞ்சள் இனத்தைச் சேர்ந்த காட்டுக் கூவையின் கிழங்கை அரைத்து, நீரில் பலமுறை கரைத்துக் கழுவி, அடியில் தங்கும் வெண்மாவை வெயிலில் உலர்த்தி எடுப்பதே கூவைப்பொடி. எளிதில் செரிக்கும் இம்மாவு 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் பெயரோடு ஐரோப்பியச் சந்தைக்கும் சென்றது. இலை வாடிக் கிழங்கு முற்றும் பருவம் தனுவும் மகரமுமேயாகையால், நோன்புணவும் காட்டின் அறுவடையும் ஒரே மாதத்தில் சந்தித்தன. திருவாதிரைக்கு முந்திய நாள்களில் கூவைமாவு சுமந்து அடிவாரச் சந்தைகளுக்கு இறங்கியவர்களைப் பற்றித் திருவாதிரைப் பாட்டுகளில் ஒன்றும் இல்லை.

நள்ளிரவில் பெண்கள் தலையில் சூடும் பாதிராப்பூ என்னும் சடங்கில் தசபுஷ்பம் எனப்படும் பத்துச் செடிகள் இடம்பெறுகின்றன: அறுகு, சிறுபூளை, முக்குற்றி, உழிஞை என்ற முடக்கற்றான், நிலப்பனை, முயற்செவி, விஷ்ணுகிராந்தி, பூவாங்குருந்தல், கரிசலாங்கண்ணி, திருதாளி. இவற்றுள் கரிசலாங்கண்ணியும் முடக்கற்றானும் மேலே கூறிய நீலிபிருங்காதித் தலையெண்ணெயின் உட்பொருள்களே. சிறுபூளையைத் தமிழகத்தில் மார்கழியின் கடைசி நாளில் வாசலில் காப்பாகக் கட்டுகின்றனர். பெரும்பாலானவை மழை ஓய்ந்ததும் வரப்பிலும் முற்றத்திலும் தாமாக முளைப்பவை. விலை கொடுத்து வாங்க வேண்டாதவை. ஆண்டுதோறும் இச்செடிகளைத் தேடிச் சேகரிக்க வைத்ததன் மூலம் எழுத்தறியாத பெண்களிடையேயும் செடிகளை இனங்காணும் அறிவை இச்சடங்கு தக்கவைத்தது என்பது அதன் மிகப் பெரிய பயன். அதே வேளையில், இவ்விழாவைச் சாதி வேறுபாடின்றி எல்லாப் பெண்களும் கொண்டாடியதாக எண்ணுவது பிழையாகும். அது நாயர், நம்பூதிரி, அம்பலவாசி வீடுகளில் வளர்ந்த வழக்கம். திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்று ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியாகும் வரை, ஒடுக்கப்பட்ட சாதிகளின் பெண்கள் கோயில் குளத்தின் படியில் கால்வைக்கவும் முடியாத நிலை இருந்தது.

காணிக்காரர் இந்த உடல்பேணல் உலகின் மறுகரையில் இருந்தனர். தமிழும் மலையாளமும் கலந்த மொழி பேசும் இவர்களின் ஊர்கள் வித்துரா, பெரிங்ஙமலை, குற்றிச்சல் ஆகிய பஞ்சாயத்துகளின் காட்டுப்பகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஊர்த்தலைவர் மூட்டுக்காணி, வைத்தியமும் வழிபாடும் அறிந்தவர் பிலாத்தி. நோயுற்றவருக்காகக் கொக்கரை என்னும் பல்வெட்டுள்ள இரும்புக் குழலை உரசி இசைத்து இரவெல்லாம் பாடும் சாற்றுப்பாட்டுச் சடங்கைப் பிலாத்தியே நடத்துவார். செடியறிவும் பெரும்பாலும் அவர் வழியே அடுத்த தலைமுறைக்குச் சென்றது. சாமுவேல் மட்டீரின் 1883ஆம் ஆண்டு நூலும் எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பும் இவர்களைப் பற்றி எழுதியிருக்கின்றன. எனினும் மரத்தின்மேல் கட்டிய ஏறுமாடங்களையும் மணச்சடங்குகளையும் வியந்து பதிவுசெய்த அளவுக்கு இவர்களின் மருத்துவ அறிவை அந்நூல்கள் பொருட்படுத்தவில்லை. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரௌன் அகத்தியகூடத்தின் உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்தபோது, இம்மலைக் குளிர் முதன்முறையாக எண்களில் எழுதப்பட்டது. யானை உலவும் அக்காட்டில் வழியறிந்து சுமையேற்ற மலைவாசிகளின் உழைப்பின்றி அந்த எண்கள் கிடைத்திருக்கமாட்டா.

1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ், கொச்சிப் பகுதியில் தொகுக்கப்பட்ட செடிநூல் எனினும், இங்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய முன்னுதாரணம். டச்சு ஆளுநர் வான் ரீட் தமக்கு உதவிய ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் பெயரையும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரின் பெயர்களையும் அவர்கள் அளித்த சான்றுரைகளோடு நூலில் அச்சிட்டார். திருவிதாங்கூரில் மருத்துவம் அரசு நிறுவனமாக மாறியபோது அந்த மரபு தொடரவில்லை. ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் 1889இல் திருவனந்தபுரத்தில் ஆயுர்வேதப் பாடசாலை தொடங்கப்பட்டு, பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது, 1902இல் பி. எஸ். வாரியர் கோட்டக்கல்லில் நிறுவிய ஆரிய வைத்தியசாலை, வீட்டில் காய்ச்ச வேண்டியிருந்த கஷாயத்தையும் தைலத்தையும் ஆயத்தப் பொருளாகப் புட்டியில் அளித்தது. 1940இல் சி. ஆர். கேசவன் வைத்தியர் இரிஞ்ஞாலக்குடாவில் தொடங்கிய சந்திரிகாவும், 1969இல் வி. பி. சித்தன் சென்னையில் உருவாக்கிய மெடிமிக்ஸும் மூலிகைக் குளியலைச் சவர்க்காரக் கட்டிக்குள் அடக்கின. இம்மாற்றம் பலருக்கு நன்மை செய்தது; அடுப்பெரித்துத் தைலம் காய்ச்ச நேரமும் வசதியும் இல்லாத வீடுகளுக்கும் மூலிகைப் பேணல் எட்டியது. ஆனால் தைலத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தாங்கிய மேலுறையில் மலையின் பெயரோ பறித்தவரின் பெயரோ இடம்பெறவில்லை.

இந்நிலை மாறத் தொடங்கிய நிகழ்வும் ஒரு குளிர்மாதத்திலேயே நேர்ந்தது. 1987 டிசம்பரில், இந்திய அரசின் அனைத்திந்திய இனத்தாவரவியல் ஆய்வுத்திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரான பி. புஷ்பாங்கதன் தலைமையிலான குழுவொன்று அகத்தியமலைக் காட்டுக்குச் சென்றது. ஆய்வாளர்கள் ஏற்றத்தில் களைத்துத் தளர, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் சிறு கருங்காய்களைத் தின்றபடி சோர்வின்றி நடந்தனர். முதலில் சொல்லத் தயங்கிய அவர்கள் பின்னர் செடியைக் காட்டினர். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி ஆகியோரின் பெயர்கள் இச்செய்தியோடு உலகெங்கும் அறியப்பட்டன. ஆரோக்கியப்பச்சை என்று வழங்கும் அச்செடி, தாவரவியலில் டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ் என்ற இனத்தின் திருவிதாங்கூர்த் துணையினம். வித்துராவுக்கு அண்மையில் பாலோட்டில் 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதன் களைப்பு நீக்கும் ஆற்றலையும் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் பண்பையும் ஆராய்ந்து, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றோடு சேர்த்து ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கியது. திருவாதிரை இரவில் பெண்கள் தலையில் சூடிய விஷ்ணுகிராந்தி இவ்வாறு ஆய்வுக்கூட மருந்திலும் இடம்பெற்றது.

1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டுக் காலத்துக்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. உரிமத்தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமப்பங்கு. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்பது ஏற்பாடு. இதற்காகக் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை 1997 நவம்பரில் பதிவுபெற்று, 1999 பிப்ரவரியில் 5.19 லட்சம் ரூபாயை முதல் தவணையாகப் பெற்றது. ரியோ டி ஜெனிரோவில் 1992இல் கையெழுத்தான உயிரியற் பன்மய உடன்படிக்கை, மரபறிவின் பயன் அதனை உடையவரோடு நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்று கூறியதைச் செயலில் காட்டிய தொடக்ககால முயற்சிகளில் ஒன்றாக இது உலக அரங்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது, அப்பாராட்டு தகுதியானதே. பட்டையும் கிழங்கும் சுமந்து இறக்கிக் கூலி மட்டுமே பெற்றுவந்த மக்களுக்கு, அவர்களின் அறிவுக்கென்று ஒரு தொகை முதன்முறையாக மலையேறிச் சென்றது.

ஆனால் வித்துராவிலிருந்து பார்க்கும்போது இவ்வரலாறு அவ்வளவு நிறைவானதாகத் தோன்றவில்லை. வழிகாட்டிகளும் அறக்கட்டளையின் தொடக்க உறுப்பினரும் குற்றிச்சல் பகுதியைச் சார்ந்தவர்கள். வித்துரா, பெரிங்ஙமலை ஊர்களின் காணிகளோடு நிறுவனம் கொண்ட தொடர்பு மிகக் குறைவு. செடியின் அறிவு எல்லா ஊர்களுக்கும் உரியதாயிருக்க, அதை வெளியிடும் முடிவு சிலரிடமே பெறப்பட்டது என்ற மனக்குறை எழுந்தது. பிலாத்திகள் ஒன்பதுபேர் 1995 செப்டம்பரில் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதி, தங்கள் அறிவு தனியார் நிறுவனங்களுக்கு விற்கப்படுவதை எதிர்த்தனர். அவர்களின் மரபில் மருந்தறிவு ஊர்ப்பொதுவாகக் கிடப்பதன்று, தகுதியறிந்து ஒப்படைக்கப்படுவது. அதனைப் பறிகொடுத்தவர்களாகத் தங்களை அவர்கள் உணர்ந்ததை வெறும் பங்குத்தகராறாகச் சுருக்குவது அநீதியாகும். ஆரோக்கியப்பச்சை இயற்கைக் காட்டின் சூழலுக்கு வெளியே அதே ஆற்றலோடு வளர்வதில்லை என்பதால் பயிரிடுதலும் காட்டை ஒட்டியே நடக்க வேண்டியிருந்தது; செடி அழிந்துவிடும் என்று அஞ்சிய வனத்துறை இலை பறிப்பதைத் தடுக்க, பயிரிட்ட குடும்பங்களின் வருவாய் நின்றது.

இதற்குப் பின் வந்த சட்டங்கள் அக்கடிதம் எழுப்பிய கேள்விகளுக்கு ஓரளவு வடிவம் தந்தன. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பன்மய மேலாண்மைக் குழு அமைக்கவும், ஊரின் செடியறிவைப் பதிவேட்டில் எழுதிக் காக்கவும் வழிசெய்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களின் உடைமையைப் பழங்குடிகளுக்கும் பிற மரபுவழி வனவாழ் மக்களுக்கும் உரியதாக்கி, அப்பொருள்களின் வரையறையில் மூலிகைகளையும் வேர்களையும் கிழங்குகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பன்மயம் சார்ந்த மரபறிவின் மீது சமுதாயத்துக்குள்ள அறிவுச்சொத்துரிமையையும் அது ஏற்கிறது. தனுமாதத்தில் தோண்டும் கூவையும், தலைக்குத் தேய்க்கும் சீவக்காயும், உடல் தேய்க்கும் இஞ்சப் பட்டையும், ஏற்றத்தில் களைப்பாற்றும் ஆரோக்கியப்பச்சையும் இவ்வரையறைக்குள் அடங்குகின்றன. இவற்றைப் பற்றி வெளியார் யாரேனும் கேட்க வந்தால், குற்றிச்சலின் காணிகளோடு வித்துராவின் காணிகளும் பெரிங்ஙமலையின் காணிகளும் ஒன்றாக அமர்ந்து விடை சொல்வதற்கான சட்டவழி இப்போது உண்டு; 1987இல் அது இருக்கவில்லை.